கல்லாவில் இருக்கிறவர்

புதன்கிழமைகளில் அவள் அவனைக் குளிப்பாட்டினாள்.

மற்ற நாட்களில் அவனே குளித்துக்கொள்வான். மாவு அறையிலிருந்து வந்ததும் குழாயடியில் இரண்டு வாளி ஊற்றிக்கொண்டு, துவட்டியும் துவட்டாமலும் மாடி ஏறிவிடுவான். முடியில் மாவு காய்ந்து பொருக்காக நிற்கும். புருவத்திலும், மூக்கு விளிம்பிலும், காது மடலின் உள்வளைவிலும் வெள்ளை தங்கிவிடும். யாரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவன் மேல் மாவு இருக்கும்.

புதன்கிழமை காலை வைத்தியத்துக்கு ஊசியம்மாவிடம் போக வேண்டும். அன்று அவள் வெந்நீர் போட்டாள். அவனை முக்காலியில் உட்கார வைத்துத் தலைக்கு இரண்டு முறை சோப்புப் போட்டாள். தீக்குச்சியில் துணி சுற்றிக் காதுக்குள் விட்டுத் துடைத்தாள். நகங்களை ஒட்ட வெட்டினாள். வெட்டிய பிறகும் ஊக்கின் முனையால் ஒவ்வொரு நக இடுக்கையும் கீறி எடுத்தாள்.

"பொண்ணு பாக்கவா கூட்டிட்டுப் போற?" என்றான். குரல் கரகரத்தது.

"பேசாதீங்க. இருமல் வரும்."

"கல்யாணத்தன்னைக்குக்கூட இப்படித் தேய்க்கல."

"அன்னைக்கு நான் தேய்க்கலையே. தேய்ச்சிருந்தா ஒரு சுத்து வெளுத்திருப்பீங்க."

சிரித்தான். சிரிப்பு விசிலாகி, விசில் இருமலானது. அவள் முதுகில் கையை வைத்து, அடங்கும்வரை வைத்தே இருந்தாள். பிறகு அவன் மோவாயைப் பிடித்து முகத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள். இமை முடிகளில் எதையோ தேடினாள். ஈரத் துணியின் நுனியால் ஒற்றி எடுத்தாள்.

புதன்கிழமைகள் அவனுக்குப் பிடித்திருந்தன.

நாக்கை மட்டும் அவள் தொட மாட்டாள். நாக்கு வழிக்காமல் வர வேண்டும் என்பது ஊசியம்மாவின் உத்தரவு. அது சீன ஊசி வைத்தியம். நாக்கில் படிந்திருக்கும் பூச்சின் நிறத்தை வைத்துத்தான் உள்ளே இருப்பது குளிரா சூடா என்று பார்ப்பார்கள். கடையில் ரொட்டி சுடுகிற அடுப்புக்காரர் இதைக் கேட்டதிலிருந்து விடவில்லை.

"எல்லாரும் கோபம் வந்தா போய் நாக்க வழின்னு திட்டுவாங்க. இந்தம்மா வழிக்காதேங்கிறாங்க. எந்த ஊரு நியாயம்யா இது?"

*

அவனுக்கு முதலில் போனது குரல். காலையில் நன்றாக இருக்கும். மதியம் மாவு அறைக்குள் போய் வந்தால் கட்டிவிடும். பிறகு தொண்டையில் முடி சிக்கியதுபோல ஒரு செருமல். பிறகு மூச்சு. படி ஏறினால் நெஞ்சுக்குள் விசில்.

மாவு அறை கடையின் பின்னால் இருந்தது. உத்தரத்திலிருந்து கயிற்றில் ஒரு பெரிய சல்லடை தொங்கியது. மூட்டையைச் சாய்த்து அதில் கொட்டி ஆட்ட வேண்டும். கீழே மரத்தொட்டி. உப்பும் ஈஸ்டும் தண்ணீரும் சேர்த்துக் குழிபறித்து, முழங்கை வரை உள்ளே விட்டுப் பிசைய வேண்டும். ஜன்னல் திறக்கக் கூடாது. காற்றுப் பட்டால் மாவின் மேல் ஆடை கட்டிவிடும். சல்லடை ஆடி முடித்த பிறகு வெகுநேரம் அறை புகை மூட்டமாக இருக்கும். கூரையிலிருந்து தொங்கும் பல்பு நிலவு மாதிரி தெரியும்.

கடை அவள் அண்ணனுடையது. அவனுக்கு மச்சான். ஒரு காலத்தில் மச்சானே மாவு பிசைந்தவர். தங்கச்சிக்குக் கல்யாணம் முடிந்த மறுவாரம் தன் மேலங்கியைக் கழற்றி மாப்பிள்ளை தோளில் போட்டுவிட்டுக் கல்லாவில் போய் உட்கார்ந்தார். இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டுவார்.

"தங்கச்சியையும் குடுத்தேன், தொழிலையும் குடுத்தேன், தலைக்கு மேல கூரையும் குடுத்தேன். வேற எந்த மச்சான் குடுப்பான்?"

கூரை என்பது கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகள். பெற்றவர்கள் போன பிறகு தங்கையை வளர்த்தவர் அவர்தான். அவர் பேச்சை அவள் தட்டியதில்லை.

மச்சான் இப்போது மாவு அறைக்குள் வருவதில்லை. அதன் வாசலைத் தாண்டும்போதுகூடக் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொள்வார்.

"முதலாளி ஆயிட்டாரில்ல," என்பார் அடுப்புக்காரர். "மாவு நாத்தம் ஆகாது. காசு நாத்தம்னா ஆகும்."

*

ஊசியம்மாவின் வைத்தியசாலை ஒரு தையல் கடைக்கு மேலே இருந்தது. முன்னறையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, கெட்டிலில் எப்போதும் கொதிக்கும் தண்ணீர். சுவரில் ஒரு மனித உருவப் படம். உடம்பு முழுக்கக் கோடுகளும் புள்ளிகளும். உள்ளறையில் உயரமான கட்டில்.

முறை எப்போதும் ஒன்றுதான். மூன்று விரலால் இரண்டு கை நாடியையும் பார்ப்பார். நாக்கை நீட்டச் சொல்வார். படுக்க வைத்து ஊசி போடுவார். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம், முழங்கை மடிப்பில், காலில், கடைசியாகத் தொண்டைக்குழியில். முடி மாதிரி ஊசி. குத்தும்போது வலிக்காது. குத்திய பிறகு உள்ளே ஒரு கனம் இறங்கும்.

"தொண்டையில ஊசி இருக்கு. பேசக் கூடாது. எச்சில் முழுங்கக் கூடாது. அசையக் கூடாது."

பிறகு கதவைச் சாத்திக்கொண்டு முன்னறைக்குப் போய்விடுவார். கேட்க வேண்டியதையெல்லாம் கூட வந்தவரிடம்தான் கேட்பார். அவரிடம் படித்தவர்கள் இதைத் தப்பு என்றார்கள். அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

"நோயாளி ஒண்ணு கூட்டிச் சொல்வார், இல்ல குறைச்சுச் சொல்வார். பக்கத்துல இருக்கிறவங்களுக்குத்தான் உள்ளது தெரியும்."

அவன் கண்ணை மூடிப் படுத்திருப்பான். கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்களின் பேச்சு, சொல் பிரியாமல், முணுமுணுப்பாகக் கேட்கும். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது இதமாக இருக்கும். நெஞ்சு மெல்லத் திறக்கும். திரும்பி வரும்போது மூச்சு அடிவயிறு வரை போய் வரும். குரலில் கரகரப்பு இருக்காது.

அது இரண்டு நாள் தாங்கும். வெள்ளிக்கிழமை மதியம் விசில் திரும்பிவிடும்.

கஷாயமும் இருந்தது. அதிமதுரம், காய்ந்த ஆரஞ்சுத் தோல், கசப்பான ஏதோ பருப்பு, பேர் தெரியாத ஒரு தண்டு. அவள் மண்சட்டியில் சிறு தீயில் காய்ச்சுவாள். பொங்கிவிடாமல் பக்கத்திலேயே நிற்பாள். அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தால், அவளும் கூடவே முகத்தைச் சுளிப்பாள்.

"பாலை நிறுத்தச் சொன்னாங்க. குளிர்ந்த தண்ணி வேண்டாமாம். மனசுல கவலை இருக்கான்னு கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

"இருக்காதா பின்னே, என்னைக் கட்டிக்கிட்டு இருக்காரேன்னேன்."

*

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அவன் தொட்டிக்குள் கை விட்டபடியே நின்றுவிட்டான். மூச்சு உள்ளே போனது, வெளியே வரவில்லை. தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு காலால் கதவை உதைத்தான்.

அடுப்புக்காரர் வந்து பார்த்தார். அவள் அண்ணியோடு துணி எடுக்கப் போயிருந்தாள். மச்சான் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அடுப்புக்காரர் அவனை அப்படியே சைக்கிளில் உட்கார வைத்து மிதித்தார். முழங்கை வரை மாவு. தலை, புருவம், உதடு எல்லாம் வெள்ளை. தெருவில் ஒரு குழந்தை பயந்து அம்மாவின் பின்னால் ஒளிந்தது.

ஊசியம்மா அவனைப் பார்த்ததும் எதுவும் கேட்கவில்லை. உட்கார வைத்தே முதுகில் இரண்டு இடத்தில், கழுத்தின் கீழே இரண்டு பக்கமும் போட்டார். மூச்சின் பிடி தளர்ந்த பிறகு படுக்க வைத்துத் தொண்டைக்குழியில் போட்டார். கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

அடுப்புக்காரரின் குரல் மட்டும் கதவைத் தாண்டி வந்தது. அடுப்பின் முன்னால் நின்று கத்திக் கத்திப் பழகிய குரல்.

"மாவு பிசையறவருங்க. பாத்தாத் தெரியல? பேய் மாதிரி இருக்காரு."

பிறகு முணுமுணுப்பு. பிறகு எதுவும் இல்லை.

ஊசியம்மா உள்ளே வந்தார். தொண்டையில் இருந்ததை மட்டும் எடுத்தார். கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்படி அவர் உட்கார்ந்து அவன் பார்த்ததில்லை.

"மாவுல எவ்வளவு நாளா இருக்கீங்க?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து."

"தினமுமா?"

"தினமும்தான். நேத்து ரொட்டிய இன்னைக்கு யார் வாங்குவா?"

அவர் அவன் கையை எடுத்து விரல்களைப் பார்த்தார். நக இடுக்கில் இருந்ததைத் தன் நகத்தால் தொட்டார்.

"கல்லாவுல இருக்கீங்கன்னு சொன்னாங்க."

"யாரு?"

யாரென்று தெரிந்தே கேட்டான்.

"ரொட்டிக் கடைன்னதும் முதல் நாளே கேட்டேன், மாவுப் பக்கம் போவாரான்னு. போகவே மாட்டார், கல்லாவுலதான் உக்காந்திருப்பார்னாங்க. உங்க கைய பாத்தேன். சுத்தமா இருந்துச்சு. காதுல பாத்தேன். சுத்தமா இருந்துச்சு. அப்புறம்தான் குளிர்னு நினைச்சேன், கவலைன்னு நினைச்சேன்."

அவன் கூரையைப் பார்த்தபடி இருந்தான்.

"கல்லாவுல இருக்கிறது என் மச்சான்."

"உங்க மச்சானத் தெரியுமே. இதே கட்டில்ல படுத்திருந்தவர்தான. இதே விசில். அவருக்கு நான் ஊசிகூட அதிகம் போடல. மாவ விடுங்கன்னேன், விட்டுட்டார். சரியாயிடுச்சு. அதனாலதான் உங்களையும் அனுப்பியிருக்கார்னு நினைச்சேன்."

"எப்ப?"

ஊசியம்மா சொல்ல ஆரம்பித்துவிட்டு நிறுத்தினார். அவன் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தான்.

"தங்கச்சிக்கு மாப்பிள்ளை தேடிட்டு இருந்த சமயம்," என்றார்.

கீழே தையல் இயந்திரம் ஓடியது. நின்றது. மறுபடி ஓடியது.

"தப்பு என்னோடதும்தான்," என்றார். "கூட வர்றவங்க மாத்திச் சொல்வாங்கன்னு நான் நினைச்சதே இல்ல."

"இப்ப என்ன செய்யணும்?"

"மாவுக்குள்ள போகாதீங்க. வேற ஒண்ணும் இல்ல. ஆஸ்பத்திரியிலயும் ஒரு தடவ நெஞ்சப் படம் எடுத்துப் பாருங்க. ஊசி ரெண்டு நாள் தாங்கும். மாவு தினம் உள்ள போகுது. தும்பை விட்டுட்டு வாலைப் பிடிச்ச கதைதான் இது."

கிளம்பும்போது அவன் கதவருகில் நின்றான்.

"புதன்கிழமை அவ வருவா. இன்னொரு தரம் கேளுங்க. கதவைச் சாத்தாம கேளுங்க."

"நீங்களே கேக்கலாமே."

"நான் கேட்டா அழுவா. அழுதா எது நிஜம்னு தெரியாது."

*

வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. அடுப்புக்காரரிடமும் சொல்ல வேண்டாம் என்றான். அடுப்புக்காரர் முதல்முறையாகக் கேலி எதுவும் செய்யவில்லை.

சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய் அவன் மாவு அறைக்குள் போனான். வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டான். சல்லடையை மெதுவாக ஆட்டினான். மச்சான் வாசலைத் தாண்டினார். கைக்குட்டை மூக்கில் இருந்தது.

"என்ன மாப்ள, திருடன் மாதிரி முகமூடி?"

"தும்மல் வருது மச்சான்."

"வரும், வரும். மிஷின் ஒண்ணு வாங்கிப் போட்டுட்டா எல்லாம் சரியாயிடும். பாத்துட்டுத்தான் இருக்கேன்."

மிஷின் பேச்சு கல்யாணமான வருஷத்திலிருந்தே இருந்தது. அவர் நின்று பேசவில்லை. பேசிக்கொண்டே நடந்தார். எப்போதும் அப்படித்தான் பேசியிருக்கிறார் என்பது அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது.

புதன்கிழமை அவள் வெந்நீர் போட்டாள். அவன் முக்காலியில் உட்கார்ந்தான். அவள் தலையைத் தேய்த்தாள். காதைத் துடைத்தாள். ஊக்கை எடுத்து அவன் இடது கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இவ்வளவு சுரண்டணுமா?"

"பெரியவங்க முன்னாடி அழுக்கா போய் நிக்கறதா?"

"மாவு அழுக்கா?"

"அழுக்குன்னா சொன்னேன்? கையக் காட்டுங்க."

ஊக்கு சுண்டுவிரலுக்கு வந்தது.

"உள்ள போனதும் என்னைப் படுக்க வெச்சிட்டு உன்கிட்ட என்னதான் கேப்பாங்க?"

"தூக்கம், சாப்பாடு, இருமல் எப்ப வருது. அதான்."

"வேலை?"

ஊக்கு நின்றது. கொஞ்ச நேரம்தான்.

"வேலையப் பத்தி அவங்களுக்கு என்ன," என்றாள். "இந்தக் கையக் குடுங்க."

வலது கையைக் கொடுத்தான். அவள் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் ஒவ்வொரு புதனும் பார்த்திருக்கிறான். கவனமான முகம். ஊசியில் நூல் கோக்கும்போது இருக்கிற முகம். அதை அவன் வேறு என்னவோ என்று நினைத்திருந்தான்.

*

ஊசியம்மா நாடி பார்த்தார். நாக்கு பார்த்தார். ஊசி போட்டார். தொண்டையில் போடும்போது ஒரு கணம் அவன் கண்களைப் பார்த்தார். அவன் இமைகளை மூடித் திறந்தான். போட்டார்.

முன்னறைக்குப் போனார். கதவைச் சாத்தவில்லை.

தண்ணீர் ஊற்றுகிற சத்தம். நாற்காலி நகர்கிற சத்தம்.

"ராத்திரி தூங்கறாரா?"

"முதல்ல படுத்ததும் இருமுவாருங்க. அப்புறம் தூங்கிடுவார்."

"கஷாயம்?"

"ரெண்டு வேளையும் நானே காய்ச்சித் தரேன்."

"வேலை அதேதானா?"

"ஆமாங்க."

"என்னன்னு சொன்னீங்க?"

"கல்லாவுல இருக்கார்."

"மாவு பிசையற இடத்துக்குப் போறதே இல்லையா? சும்மாவாவது, எட்டிப் பாக்க?"

"இல்லைங்க," என்றாள். குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. "எங்க அண்ணன் விடவே மாட்டார். இவருக்கு ஒத்துக்காதுன்னு அவருக்குத் தெரியும்."

கோப்பையை மேஜையில் வைக்கிற சத்தம்.

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேசக் கூடாது. எச்சில் விழுங்கக் கூடாது. கண்ணின் ஓரத்திலிருந்து ஈரம் இறங்கிக் காதுக்குள் போனது. துடைக்க முடியாமல் கையில் ஊசி இருந்தது.

வீடு திரும்பும் வழியில் அவள் அவன் மூச்சைக் கவனித்தபடியே வந்தாள்.

"இன்னைக்கு நல்லா இருக்குல்ல?"

"நல்லா இருக்கு," என்றான். குரல் தெளிவாக வந்தது.

"நான் சொல்லல? இந்தம்மா கை ராசியான கை."

*

அன்று மதியம் அவன் மாவு அறைக்குப் போகவில்லை. சட்டை மாற்றிக்கொண்டு கடையின் முன்பக்கம் போய்க் கல்லாவில் உட்கார்ந்தான். மெத்தை வைத்த நாற்காலி. மெத்தையின் நடுவில் மச்சானின் பள்ளம். இழுப்பறையைத் திறந்தால் மணி அடிக்கும். ஒருமுறை திறந்து மூடிப் பார்த்தான்.

அடுப்புக்காரர் பின்னாலிருந்து வந்தார். கையில் நீண்ட மரத்துடுப்பு.

"அடுப்பு தயாரா இருக்கு. மாவு எங்க?" என்றவர், அவனைப் பார்த்ததும் துடுப்பைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படிக்கட்டின் கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டார்.

மச்சான் தூங்கி எழுந்த முகத்தோடு வந்தார்.

"என்ன மாப்ள, இங்க?"

"வேலைக்கு வந்திருக்கேன்."

"உங்க வேலை அங்கதான இருக்கு."

"இல்ல மச்சான். நான் கல்லாவுல இருக்கிறவன். மாவுப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கறதில்ல. எனக்கு ஒத்துக்காதுன்னு நீங்க விடவே மாட்டீங்களாம். உங்க தங்கச்சி சொன்னா. காலையிலதான் என் காதால கேட்டேன்."

மச்சான் மாடியைப் பார்த்தார். அவள் படிக்கட்டின் நடுவில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"அவ ஏதோ தெரியாம..."

"தெரியாதா?" என்று அவளைப் பார்த்துக் கேட்டான்.

அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊசி போட்டாச் சரியாயிடும்னு அண்ணன் சொன்னாரு," என்றாள். "மிஷின் வர்ற வரைக்கும்தான்னு சொன்னாரு. மாவ விடச் சொல்லிட்டாங்கன்னா நாம எங்க போறது? இந்த வீட்டை விட்டா எங்க போறதுங்க?"

"என்கிட்டத்தான கேட்டிருக்கணும் அத."



"சரி, பேச்சை அப்புறம் வெச்சுக்கலாம்," என்றார் மச்சான். "அடுப்பு எரியுது. விறகு சாம்பலாப் போகுது. எழுந்திரிங்க மாப்ள."

"நீங்க போய்ப் பிசைங்க மச்சான். உங்களுக்குத் தெரியாத வேலையா?"

"எனக்கு..." என்று மச்சான் நிறுத்தினார்.

"உங்களுக்கு?"

"விளையாட்டுக்கு ஒரு நேரம் இருக்கு."

"உங்களுக்கு ஒத்துக்காது. எனக்குத் தெரியும். அந்தக் கட்டில்ல நீங்க படுத்த இடத்துலதான் நானும் படுத்துட்டு வரேன்."

அடுப்புக்காரர் தரையைப் பார்த்தார். தெருவில் ஒரு வண்டி போனது. மச்சானின் முகத்தில் கோபம் வருவதற்கு முன்னால் வேறு ஏதோ வந்து போனது. அவர் தங்கையைப் பார்த்தார்.

"நீ போம்மா. இன்னைக்கு ஒரு நாள் நீ பாத்துக்க. அவர் கோபம் தணியட்டும்."

அவள் நின்ற படியிலேயே நின்றாள்.

"நானா?"

"ஒரு நாள்தான. உனக்கு ஒண்ணும் ஆயிடாது."

அவள் அண்ணனைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். அவன் எழுந்திருக்கவில்லை. அவள் மெதுவாக இறங்கி வந்தாள். கல்லாவைத் தாண்டும்போது, அவன் நான்கு நாளாகக் கட்டியிருந்த துணியை எடுத்து அவள் பக்கம் நீட்டினான்.

"மூக்கோட வாயையும் சேத்துக் கட்டிக்க," என்றான். "ஜன்னலத் திறந்துக்க. ஆடை கட்டினா கட்டட்டும்."

வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அடுப்புக்காரர் எழுந்து பின்னாலேயே போனார், மூட்டையைச் சாய்த்துக் கொடுக்க.

சல்லடை ஆடத் தொடங்கியது. கயிறு உத்தரத்தில் உரசியது. கொஞ்ச நேரத்தில் வாசல் வழியாக வெள்ளையாக ஒன்று கசிந்து வந்தது. வெயில் பட்ட இடத்தில் மட்டும் தெரிந்தது. மச்சான் கைக்குட்டையை எடுத்தார். மூக்கில் வைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். நகர்ந்து நகர்ந்து கடையின் படியிறங்கித் தெருவில் போய் நின்றார்.

சல்லடை நின்றது.

உள்ளேயிருந்து பார்த்தால் தெருவரை தெரியும். அண்ணன் தெருவில் போய் நின்றதை அவள் பார்த்துவிட்டாள் என்று அவனுக்குத் தெரிந்தது. துணியை அவிழ்த்துவிட்டு வெளியே வருவாள் என்று நினைத்தான். காலையில் ஊசியோடு படுத்துக்கொண்டு காத்திருந்ததுபோலவே, அசையாமல், எச்சில் விழுங்காமல் காத்திருந்தான்.

கயிறு மறுபடி உரசியது. சல்லடை ஆடியது.

ஒரு பெண் பையோடு படியேறி வந்தாள். தினமும் வருகிறவள்.

"ரொட்டி ஆயிடுச்சா?"

"இன்னும் இல்லம்மா," என்றான். "மாவு இப்பத்தான் விழுது."

வந்தவள் அவனை உற்றுப் பார்த்தாள்.

"உங்க குரலே இதுதானா?" என்றாள். "இவ்வளவு நாள் உள்ளேர்ந்து கரகரன்னு கேக்கறப்ப வேற யாரோன்னு நினைச்சேன்."